மூணில் ஒரு பங்கு

எங்க வீட்டில் எனக்கும் பங்கு உண்டு என்று என் காதில் முதன்முதலாகப் போட்டது என் மகளின் மாமியார்தான், தங்கச்சி. போன குருத்தோலை ஞாயிறு அன்றைக்கு. ஆராதனை முடிந்து, கையில் ஓலையோடு கோயில் வாசலில் நிற்கிறோம். கிட்ட வந்து, "சம்பந்தி, உங்களுக்கு விஷயம் தெரியுமா? வீட்டுல மூணுல ஒரு பங்கு உங்களுக்காமே. மிச்சந்தான் பிள்ளையளுக்காம். நம்ம ஆளுகளுக்குச் சட்டம் அப்படித்தானாம்" என்றாள். முறுக்குக்கு மாவு பிசையப் பக்குவம் சொல்வதுபோலச் சொன்னாள். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போய்விட்டது. ஆண்டவரைப் பாடிவிட்டு வந்த வாய் இன்னும் காயவில்லை, அதற்குள்ளே பங்கு.

"எனக்கு எதுக்குச் சம்பந்தி பங்கு, என் பிள்ளைகதான் என் பங்கு" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "அப்போ சரி" என்று சொல்லிவிட்டு ஆட்டோ பிடிக்கப் போய்விட்டாள்.

உட்காருங்க, நல்லா உட்காருங்க. டோக்கன் கூப்பிட இன்னும் நேரம் ஆகும். கையை அந்த நாற்காலிக் கைப்பிடியில் மட்டும் வைக்காதீங்க. ரேகை வைத்துவிட்டு வருகிறவர்கள் எல்லாம் விரலை அதில்தான் தேய்க்கிறார்கள். போன தடவை வந்தபோது என் சேலை முந்தானையெல்லாம் மை. எத்தனை சோப்பு போட்டும் போகவில்லை. எனக்கு இந்தப் பத்திர ஆபீசைக் கண்டாலே ஓங்கரித்துக்கொண்டு வருகிறது. இடத்தைச் சொல்லக்கூடாது, அவர்கள் வேலையை அவர்கள் பார்க்கிறார்கள். நம்மைப்போல வந்து உட்காருகிற மனுஷர்களைச் சொல்கிறேன். நல்ல உடுப்பு உடுத்திக்கொண்டு, தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு, கூடப்பிறந்ததோடு அடித்துக்கொள்ள வருகிறார்கள். சீ.

எங்க வீட்டுக்காரர் மில்லில் ஃபிட்டராக இருந்தார். ஆசீர்வாதம் ஃபிட்டர் என்றால் தெரியாதவர்கள் கிடையாது. அவர் தன் பேரில் வாங்கின இடம், அவர் கட்டின வீடு. உயில் எழுதி வையுங்கள் என்று எங்க சபைப் போதகர் ஐயர்கூட ஒரு தடவை சொன்னார். "எழுதினா செத்துப்போவேன் ஐயரே" என்று சிரித்துக்கொண்டே மழுப்பிவிட்டார். எழுதாமலும்தான் போனார்.

பிள்ளைகள் மூன்று பேர். மூத்தவன் இம்மானுவேல் கோயம்புத்தூரில், கம்பெனியில். இளையவன் ஜெபசிங் மதுரையில் செல்போன் கடை வைத்திருக்கிறான். கடைசி ஹெப்சிபா, இங்கேதான் பக்கத்து ஊரில் கட்டிக் கொடுத்திருக்கிறேன், டீச்சர். நான் மட்டும் வீட்டில். தனியாக என்று சொல்லமாட்டேன், ஆண்டவர் இருக்கிறார்.

மூத்தவனுக்கு ஃப்ளாட் வாங்க ஆசை. இளையவனுக்குக் கடையைப் பெரிசாக்க ஆசை. பிள்ளைகளுக்கு ஆசை இல்லாமல் இருக்குமா? இரண்டு பேருமாகப் பேசி, வீட்டுக்கு ஆளும் பார்த்து, அட்வான்சும் வாங்கிவிட்டு, அப்புறம்தான் என்னிடம் சொன்னார்கள். "எம்மா, உங்களுக்குப் பிரஷர் இருக்கு, முன்னாடியே சொல்லி உங்களைக் கலங்கடிக்க வேண்டாம்னுதான்" என்றான் இம்மானுவேல். எவ்வளவு பதனமாகத் தாயைப் பார்க்கிறான் பாருங்க. இந்தக் காலத்தில் எந்தப் பிள்ளை அப்படி நினைக்கிறது?

வீடு விற்பது என்றால் என்ன என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன் தெரியுமா? ஒருத்தர் சாவியைக் கொடுப்பார், இன்னொருத்தர் வாங்குவார், நடுவில் ஐயர் ஒரு ஜெபம் பண்ணுவார், அவ்வளவுதான் என்று. அப்படி இல்லையாமே. வாங்குகிறவருடைய வக்கீல் முதலில் நம்ம பத்திரத்தைக் கேட்டார். கொடுத்தோம். அது போதாதாம், நமக்கு விற்றவருக்கு அந்த இடம் எப்படி வந்தது என்று ஒரு பத்திரம் வேண்டுமாம். அப்புறம் அவருக்கு விற்றவருக்கு எப்படி வந்தது என்று. விட்டால் ஆதாம் ஏவாள் வரைக்கும் போயிருப்பார். அப்புறம் வில்லங்கச் சான்று. இடத்தை எங்கேயாவது அடமானம் வைத்திருக்கிறோமா, வேறு யாருக்காவது எழுதிக் கொடுத்திருக்கிறோமா என்று பார்ப்பது அது. கட்டின தாலியை விற்று வட்டி கட்டினோமே தவிர வீட்டை ஒருத்தரிடம் வைத்தது கிடையாது என்று சொன்னேன். "அது சரிம்மா, தாள்ல வேணும்" என்கிறார் வக்கீல். நம்ம வாய்க்கு ஒரு மதிப்பும் இல்லை.

எல்லாவற்றிலும் கேவலம் எது தெரியுமா, வாரிசுச் சான்றிதழ். வீடு அவர் பேரில் இருக்கிறது, அவர் இல்லை. அப்போ அடுத்து யார் யார் என்று கவர்மெண்டு எழுதித் தரவேண்டும். அதற்கு விசாரணை. வந்த மனுஷர் நல்ல மாதிரிதான், அவருக்கு அது வேலை. எதிர்வீட்டுக்காரி ஸ்டெல்லாவிடம் போய், "இவருக்கு வேற சம்சாரம், பிள்ளைக உண்டாம்மா?" என்று கேட்கிறார், என் காது கேட்க. அவள் உடனே இல்லை என்று சொல்லவேண்டியதுதானே? கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்து யோசித்தாள், பாவி. அதற்கப்புறம்தான் "எனக்குத் தெரிஞ்சு இல்ல" என்றாள். எனக்குத் தெரிஞ்சு! அன்றைக்கு நான் சாப்பிடவே இல்லை.

ஒருவழியாக நாலு பேரை எழுதிக் கொடுத்தார்கள். நான், இம்மானுவேல், ஜெபசிங், ஹெப்சிபா. நாலு பேரும் கையெழுத்துப் போட்டால்தான் வீட்டை விற்க முடியுமாம்.

நடுவில் வாங்குகிறவர் வீடு பார்க்க வந்தார். செல்லத்துரை என்று பேர், பெயிண்ட் கடை. பொண்டாட்டியும் வந்திருந்தாள். நான் சாயங்கால ஜெபத்தில் முழங்காலில் நிற்கிறேன், அந்த மனுஷர் என்னைச் சுற்றி டேப்பைப் பிடித்து அளக்கிறார். "கொஞ்சம் காலை மடக்கிக்கிடுங்கம்மா" என்கிறார். நானும் மடக்கிக்கொண்டேன், ஆமென் சொல்வதற்கு முன்னாடி எழுந்திரிக்கக் கூடாதே. அவள் அடுப்படியில் போய், "இந்தச் சுவரை எடுத்துருவோம், இந்த அலமாரியை ஒடைச்சுருவோம், இது என்னது, ஒரே கரி" என்று ஒவ்வொன்றாகத் தட்டித்தட்டிப் பார்க்கிறாள், ஏதோ மீன் வாங்க வந்தவள் செவுளைத் தூக்கிப் பார்ப்பதுபோல. அப்புறம் என்னிடம் வந்து, கட்டிலில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இந்த வீட்டுல யாரும் தவறிப்போனாங்களாம்மா?" என்றாள். "எங்க வீட்டுக்காரர், இந்தா, நீங்க உட்கார்ந்திருக்கிற கட்டில்லதான்" என்றேன். துள்ளி எழுந்தாள். நான் சத்தியத்தைத்தானே சொன்னேன்?

சரி. இனிமேல்தான் விஷயமே.

நாலு பேருமாக நேரே செல்லத்துரைக்கு எழுதிக் கொடுக்கலாமாம். ஆனால் இம்மானுவேல், "அதுக்கு முன்னாடி நீங்களும் தங்கச்சியும், உங்க பங்கு வேண்டாம்னு எங்க ரெண்டு பேருக்கும் விடுதலைப் பத்திரம் போட்டுக் குடுத்துருங்க, அப்புறம் நாங்க வித்துக்கிடுதோம், சிக்கல் இருக்காது" என்றான். எங்க பக்கத்தில் வழக்கம் உங்களுக்குத் தெரியும்தானே? கூடப்பிறந்தவளை ஆபீசுக்குக் கூட்டிக்கொண்டு வருவார்கள், அவள் கையெழுத்துப் போடுவாள், வெளியே வந்ததும் ஹோட்டலில் பிரியாணி, கையில் ஒரு பட்டுச்சேலை. நானும் எங்க அண்ணன்மாருக்கு அப்படித்தான் போட்டேன். மயில்கழுத்துக் கலர் சேலை. என்ன எழுதியிருந்தது என்று இன்றைக்குவரை தெரியாது. தெரிந்து என்ன ஆகப்போகிறது?

ஹெப்சிக்கு நான்தான் போன் போட்டேன். "சும்மா ஒரு கையெழுத்துத்தான்ட்டி" என்றேன். அவள் கேட்ட முதல் கேள்வி, "அப்புறம் நீங்க எங்கம்மா இருப்பீங்க?"

"ஆறு மாசம் பெரியவன் வீடு, ஆறு மாசம் சின்னவன் வீடு."

"அதைப் பத்திரத்துல போடச் சொல்லுங்க."

எப்படி இருக்கிறது பாருங்க. பெற்ற பிள்ளை தாய்க்குச் சோறு போடுவதைப் பத்திரத்தில் எழுதவேண்டுமாம். எனக்கு போனைக் கீழே போட்டுவிடலாம் போல இருந்தது.

ஆனாலும் வந்தாள். இதே ஹாலில்தான், அந்த மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தோம். பியூலா, மூத்த மருமகள், சேலையைக் கடைக் கவரோடு கொண்டுவந்து முன்கூட்டியே கையில் கொடுத்துவிட்டாள். இவளும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். சரி, மனசு வந்துவிட்டது என்று நான் மனசுக்குள்ளே ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உள்ளே கூப்பிட்டார்கள். போட்டோ எடுத்தார்கள். ரிஜிஸ்தரார் ஒரு பொம்பளைப் பிள்ளை, கண்ணாடி போட்டு, படித்த களை. ஹெப்சியிடம், "பத்திரத்தைப் படிச்சீங்களா? சம்மதம்தானா?" என்று கேட்டாள். எல்லாரிடமும் கேட்கிறதுதான், எல்லாரும் தலையை ஆட்டுவதுதான்.

"படிச்சேன் மேடம். சம்மதம் இல்ல" என்றாள் என் மகள்.

எனக்குக் காதுக்குள்ளே ரயில் ஓடுவதுபோல இருந்தது.

"என்னட்டி விளையாடுதியா?" என்கிறான் ஜெபசிங்.

"விளையாடல. அம்மா சாகுறவரைக்கும் இந்த வீட்டுல இருக்கலாம்னு எழுதுங்க. இல்லன்னா வித்த பணத்துல அம்மா பேர்ல ஒரு சின்ன வீடு வாங்குங்க. நான் கண்ணை மூடிட்டுப் போடுதேன். எனக்கு ஒரு செங்கல் வேண்டாம்."

"குடியிருக்க ஆள் வச்ச வீட்டை நான் வாங்க முடியாது தம்பி" என்று, கூட வந்திருந்த செல்லத்துரை எழுந்துவிட்டார். "எனக்கு எல்லாரும் கையெழுத்துப் போட்ட வீடுதான் வேணும். மாசக் கடைசி வரைக்கும் பாப்பேன்."

வெளியே வந்ததும் பியூலா, "சேலையை வாங்கும்போது மட்டும் சம்மதம் இருந்துச்சோ?" என்றாள். கேட்கக்கூடாதுதான், ஆனால் வயிறு எரிகிறது அவளுக்கு. இவள் என்ன செய்தாள் தெரியுமா? கவரை அப்படியே நீட்டினாள். "இந்தாங்க மதினி. விலை டிக்கெட்டுகூடக் கிழிக்கல, கடையில குடுத்தா மாத்தித் தருவான். உங்களுக்குப் பச்சை நல்லா இருக்கும்." டோக்கனுக்குக் காத்திருந்த அத்தனை பேரும் பார்க்கிறார்கள். வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த ஒரு கிழவர் சிரித்தே விட்டார். நான் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே வேப்பமரத்தடிக்குப் போய்விட்டேன். மூன்று பிள்ளைகளுக்கும் ஒரே தட்டில் சோறு உருட்டிக் கொடுத்தவள் நான். அந்த வாய்களா இது என்று இருந்தது.

அடுத்த வாரம் அவளே வீட்டுக்கு வந்தாள். என் பக்கத்தில் உட்கார்ந்து, சின்னப்பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பதுபோல, "எம்மா, மூணுல ஒரு பங்கு உங்களுக்கு. எங்க யாரைவிடவும் உங்களுக்குத்தான் கூட. நீங்க போடாத வரைக்கும் உங்களை இந்த வீட்டைவிட்டு ஒருத்தரும் எழுப்ப முடியாது. போட்டுட்டா, நாளைக்கு அவங்க சொல்றதுதான்" என்றாள்.

"பங்கு பங்குன்னு நீயும் ஏம்ட்டி உயிரை எடுக்க? நான் என்ன வெட்டின ஆடா, கூறு போட?"

"அப்போ என் பங்கையும் உங்க பேருக்கே எழுதித் தாரேன். வாங்க, நாளைக்கே போவோம்."

பார்த்தீங்களா? வீட்டின் மேல் அவளுக்கு எவ்வளவு கண் இருந்தால் இவ்வளவு தூரம் வருவாள்! ஆசை இல்லாதவள் ஒரு கையெழுத்தைப் போட்டுவிட்டுப் போகவேண்டியதுதானே? டீச்சர் வேலை, கவர்மெண்டு சம்பளம், சொந்த வீடு. இவளுக்கு எதற்கு இந்த ஆங்காரம்? அவள் மாமியார் சொல்லிக் கொடுக்கிறாள் என்றுதான் நான் நினைக்கிறேன். அன்றைக்கு என்னிடம் வந்து சொன்னவள்தானே.

இம்மானுவேல் வீட்டில் நான் இருந்திருக்கிறேன், தங்கச்சி. எனக்கு ஒரு குறையும் கிடையாது. ரூம்கள் எல்லாம் அவர்களுக்கே சரியாக இருக்கும், நான் ஹாலில் படுத்துக்கொள்வேன். எல்லாரும் டி.வி. பார்த்து முடிக்கிறவரைக்கும் உட்கார்ந்திருப்பேன், எனக்கும் பொழுது போகும். பேரன் படிக்கிறான் என்று பியூலா, "அத்தை, ஜெபத்தை மனசுக்குள்ள பண்ணுங்க, ஆண்டவருக்குக் கேக்கும்" என்பாள். எவ்வளவு ஆழமான வார்த்தை! எங்க ஐயர்கூட அப்படிச் சொன்னது இல்லை. ஜெபசிங் வீட்டில் கொஞ்ச நாள் இருந்தேன். மதுரைத் தண்ணீர் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை, அவனே பஸ் ஏற்றி விட்டுவிட்டான். டிக்கெட்டு அவன்தான் எடுத்தான்.

அந்த நாளிலிருந்து இரண்டு பையன்களும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. போன் எடுத்தால், "தங்கச்சிகிட்டயே கேளுங்க" என்கிறார்கள். எனக்கு அதுதான் தாங்கவில்லை. வீடு என்ன வீடு? சுவரும் ஓடும். உபவாசம் இருந்து ஜெபித்தேன். ஆண்டவரே, இந்த அழுக்கிலிருந்து என்னை வெளியே எடும் என்று கண்ணீர் விட்டேன். அப்போதுதான் தெளிவாக ஒன்று விளங்கியது. இந்தச் சண்டைக்கெல்லாம் வேர் எது? என் பங்குதானே? அதை வைத்துக்கொண்டுதானே அவள் இவ்வளவு ஆடுகிறாள்? அதை நானே தூக்கிப் போட்டுவிட்டால்? மூணில் ஒரு பங்கு, பையன்கள் இரண்டு பேருக்கும் என் கையாலேயே கொடுத்துவிட்டால், அம்மாவே கொடுத்துவிட்டாள் என்று வெட்கப்பட்டு அவளும் போட்டுவிடுவாள்.

பெரியவனிடம் சொன்னேன். அன்றைக்கே கோயம்புத்தூரிலிருந்து காரில் வந்துவிட்டான். வந்து என் காலைப் பிடித்தான், தங்கச்சி. எத்தனை நாள் கழித்து "எம்மா" என்று வாய் நிறையக் கூப்பிட்டான்! "அப்புறம் தங்கச்சி ஒருத்திதான், கோர்ட்ல பாத்துக்கிடலாம்" என்று ஜெபசிங் சொன்னான். கோர்ட் என்ற வார்த்தை நம்ம வீட்டில் வரக்கூடாது என்று கண்டித்தேன். சரிம்மா என்று அடங்கிவிட்டான்.

இந்தத் தடவை எழுதியிருக்கிற பத்திரத்துக்குத் தானசெட்டில்மெண்டு என்று பேராம். கேட்கவே நன்றாக இருக்கிறது, இல்லையா? விடுதலை, பாத்தியதை, அனுபவம் என்று அசிங்கமாக ஒன்றும் இல்லை. தானம். இனிமேல் எனக்கு அந்த வீட்டில் எந்த உரிமையும் இல்லை, கேட்கவும் மாட்டேன் என்று எழுதியிருக்கிறதாம், இம்மானுவேல் வாசித்துக் காட்டினான். கேட்கக் கேட்க எனக்குத் தலைமுழுகின மாதிரி இருந்தது. பிறகு நான் எங்கே இருக்கிறது என்றெல்லாம் கேட்டு அவன் முகத்தை மாறவிடக் கூடாது என்று, கேட்கவில்லை. ஹெப்சிக்குத் தெரியாது. ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். பொய் இல்லை, போகிற வழியில் பிரஷர் பார்த்துக்கொள்வேன்.

எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. சாட்சிக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருத்தர் செல்லத்துரை கடை ஆள், அந்தா ஜன்னல் பக்கம் நிற்கிறார். இன்னொருத்தர் எங்க சபைக் கமிட்டியில் இருக்கிற பொன்ராஜ் அண்ணாச்சி. கோயிலில் வேதபாடம் வாசித்தால் கடைசி பெஞ்சு வரைக்கும் கணீர் என்று கேட்கும், அப்படிப்பட்டவர். காலையில் வந்தார், பத்திரத்தைக் கையில் வாங்கினார், முதலிலிருந்து கடைசி வரைக்கும் வாசித்தார், மடித்துக் கொடுத்தார். "ரத்னபாய், நல்லா யோசிச்சியா?" என்று கேட்டார். "ஜெபிச்சுட்டேன் அண்ணாச்சி" என்றேன். சுகர் மாத்திரையை வீட்டில் வைத்துவிட்டேன், எடுத்துவிட்டு வருகிறேன் என்று போனவர்தான். போன் எடுக்கவில்லை. மாத்திரை எடுக்க இவ்வளவு நேரமா? ஒரு ஏழை விதவைக்குச் சாட்சி நிற்க மனசு இல்லை பாருங்க. சபையில் பெரிய மனுஷன்!

அதான் இம்மானுவேல் வெளியே ஆள் தேடப் போயிருக்கிறான். இன்றைக்கு மாசக் கடைசி, பதியாவிட்டால் செல்லத்துரை அட்வான்சைத் திருப்பிக் கேட்பார், பிள்ளை முகம் வாடிப்போய்விடும். உங்க நம்பர் எங்களுக்குப் பின்னாடிதானே, தங்கச்சி? ஆதார் கார்டு கையில் இருக்கும்தானே? ஒரு சாட்சிக் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்துவிடுங்க. வேறு ஒன்றும் இல்லை, பேர், அப்பா பேர், விலாசம். நீங்க ஒன்றும் வாசிக்கவேண்டாம். அந்த ரிஜிஸ்தரார்ப் பிள்ளை கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, "இந்தம்மாவைத் தெரியுமா?" என்று கேட்கும். தெரியும் என்று சொல்லிவிடுங்க.